தலைக்கு வரும் பந்து

ஜனவரி 14, செவ்வாய்

மைதானம் உறைந்து கிடந்ததால் பயிற்சியை ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் வைத்தார்கள். என் மனைவி மதுரா விடியவே பொங்கி, மகள் இனியாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு டப்பாவில் போட்டுத் தந்திருந்தாள். கீரன் என்னிடம் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இது சாப்பாடா, இனிப்பா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன். கீரன் கிறிஸ்மஸுக்குப் பிறகு ஒரு பெரிய கிளப்பிலிருந்து லோனில், இந்த சீசனுக்கு மட்டும் இரவலாக வந்தவன். வயது இருபத்து மூன்று. என்னைப் போலவே சென்டர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். எனக்குக் காயம் என்றால் அவன் இறங்குவான்.

மார்ச்சில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. நாலாம் பிரிவில் கடைசியிலிருந்து மூன்றாவதாக நிற்கிறோம். மே மாதம் கடைசி இரண்டு கிளப்பும் லீக்கை விட்டே வெளியே போகும்.

பின்னேரம் டானியா போன் எடுத்தாள். டேரனின் மனைவி. டேரனும் நானும் இதே கிளப்பில் நாலு சீசன் பக்கத்தில் பக்கத்தில் நின்று தடுத்தாடியவர்கள். அவன் ஆட்டத்தை விட்டு ஒன்பது வருஷமாகிறது. நான் வேறு ஊர்களெல்லாம் சுற்றி மறுபடி இங்கேயே வந்துவிட்டேன். வியாழக்கிழமை அவள் பல் டாக்டரிடம் போகவேண்டுமாம், அந்த நேரம் டேரனோடு வந்து இருப்பாயா என்று கேட்டாள்.

"ஏன், அவனுக்குக் காய்ச்சலா?"

"வந்து பார்," என்றாள்.

ஜனவரி 16, வியாழன்

கதவைத் திறந்ததும் "நிம்!" என்று கட்டிப்பிடித்தான். நிமலன் என்ற பெயரை அப்படிச் சுருக்கியதே டேரன்தான். பிடி இன்னும் இரும்புப் பிடி. வரும் சனிக்கிழமை எதிரணியில் ஒன்பதாம் நம்பர் யார் என்று கேட்டான். சொன்னேன். கார்னர் வந்தால் நீ முன்கம்பத்தடியில் நில், உயரமானவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவன் சொன்னது சரிதான். நாங்கள் அப்படித்தான் நிற்போம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "இந்த வீட்டில் டாய்லெட் எங்கே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டான். மேல்மாடியைக் காட்டினேன். இறங்கி வந்தவன் "நிம்!" என்று மறுபடி கட்டிப்பிடித்தான். ஒன்பதாம் நம்பர் யார் என்று கேட்டான்.

டானியா ஒரு கன்னம் மரத்துப்போய் வந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்தபடி பேசினாள். "அவன் மறதியைப் பார்க்கிற டாக்டர் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்கிறார். இத்தனை வருஷம் பந்தைத் தலையால் அடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்." என் நெற்றியைப் பார்த்தாள். "நீ எப்படி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறேன்."

வீட்டுக்கு வந்து, மழைத்தண்ணி வடியும் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளினேன். இரண்டு வாளி.

ஜனவரி 18, சனி

கோல் இல்லாமல் சமநிலை. வந்த பந்தையெல்லாம் அடித்தேன். ஆட்டநாயகன் என்று ஒரு வைன் போத்தல் தந்தார்கள். நான் குடிப்பதில்லை. மைதானத்தைப் பராமரிக்கிறவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஓய்வு நாள். வாஷிங் மெஷினின் அடிவடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். இனியாவின் ஹேர்கிளிப் இருந்தது.

ஈஸ்ட்ஹாமிலிருந்து அம்மா போன் எடுத்தா. "இண்டைக்காவது தமிழிலை எழுதினியோ?" என்று கேட்டா. பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு உதைபந்துக்குப் போனபோது அவ போட்ட ஒரே நிபந்தனை, தமிழில் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பது. எழுதுகிறேன் என்றேன். பிறகு வழக்கமாகக் கேட்பதையும் கேட்டா.

"தம்பி, உந்தத் தலையாலை இடிக்கிறதை விட்டிட்டுக் காலாலை மட்டும் விளையாடேலாதே?"

"அப்பிடி விளையாடினால் வீட்டை அனுப்பிப்போடுவினம் அம்மா."

"ஆர், அந்தப் பாரியோ? பேரைப் பாத்தால் வள்ளல் மாதிரிக் கிடக்குது. சொல்லிப்பார்."

பாரி எங்கள் மேனேஜர். நல்ல மனிதர். வள்ளல் இல்லை.

பெப்ரவரி 1, சனி

இரண்டுக்கு ஒன்று, தோல்வி. காலையிலிருந்து விடாத மழை. மதுராவும் இனியாவும் வந்திருந்தார்கள். இரண்டாவது கோல் என் பக்கத்தால் போனது. பக்கத்திலிருந்து உயர்த்தி அடித்த கிராஸ் நேராக என் நெற்றிக்குத்தான் வந்தது. வெயில் கண்ணில் அடித்துவிட்டது. பாரி கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பெப்ரவரி 6, வியாழன்

இப்போது வியாழக்கிழமைகளில் டேரனிடம் போகிறேன். பயிற்சி முடிந்து நேரே போனால் டானியாவுக்குக் கடைக்குப் போய்வர நேரம் கிடைக்கும். இன்று அவனைக் கடற்கரையில் நடக்கக் கூட்டிப்போனேன். காற்றுக்கு முகம் கொடுத்து நடந்தோம். சனிக்கிழமைகளில் பூட்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிடுகிறானாம். டானியா இப்போது வாசலைப் பூட்டி வைக்கிறாள்.

"நீ தலையைப் படம் எடுத்துப் பார்த்தாயா?" என்று கேட்டாள்.

"சீசன் முடியட்டும். இப்போது நேரமில்லை."

பெப்ரவரி 10, திங்கள்

குளிக்கும்போது சும்மா நெல்லியடிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப்பார்த்தேன். ஜன்னலோர வாங்குப் பலகையில் இரண்டாவதாக இருந்தவனின் பெயர் மட்டும் வரவில்லை. பத்து வயதில் விட்டு வந்த ஊர். யாருக்கும் மறக்கும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தர்மகுலன். அம்மாவிடம் போன் எடுத்துக் கேட்டேன்.

பெப்ரவரி 15, சனி

மூன்றுக்குச் சைபர், தோல்வி. ஒன்று என் பிழை. கால் வழுக்கிவிட்டது.

பெப்ரவரி 16, ஞாயிறு

இனியாவின் சைக்கிளுக்குப் புது டியூப் போட்டேன். மதுரா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வேலை மருந்துக்கடையில். மனிதர் கவுண்டரில் வந்து நிற்கும் விதத்திலேயே என்ன நோய்வருத்தம் என்று சொல்லிவிடுவாள்.

"என்னப்பா, நேற்று வழுக்கினதோ?"

"ஓம். புல் ஈரம்."

"சரி," என்றாள். கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெப்ரவரி 18, செவ்வாய்

பாரி அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேசையில் நாய்க்குட்டி படம் போட்ட காலண்டர் இருக்கிறது. ஜனவரியிலேயே நிற்கிறது.

"கொஞ்ச நாள் கீரனை இறக்கிப் பார்க்கிறேன்," என்றார். "உனக்கு ஓய்வு வேண்டும் என்று நினைக்கிறேன்."

"சரி."

"கோபமில்லையே?"

"இல்லை."

உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை. வரும் வழியில் பால் வாங்கினேன்.

மார்ச் 4, செவ்வாய்

சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விட்டு இரண்டு பைகளோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வாசலில் மதுரா, "கார் எங்கை?" என்று கேட்டாள். நல்ல வெயிலாக இருந்தது, நடக்கலாம் போலிருந்தது என்றேன். பிறகு போய் எடுத்து வந்தேன். காரை எந்த வரிசையில் விட்டேன் என்று தேடவேண்டியிருக்கவில்லை. நேராகப் போனேன்.

மார்ச் 13, வியாழன்

டேரன் இன்று என்னை காஸ் கம்பனி ஆள் என்று நினைத்துவிட்டான். பாய்லர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் மரியாதையாக மூடியைத் திறந்து காட்டினான். நானும் குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். நன்றி சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினான். டானியா வரும்வரை காருக்குள் இருந்து அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கீரன் நன்றாக ஆடுகிறான். எல்லாப் பந்துக்கும் தலையைக் கொடுக்கிறான். சனங்கள் அவனுக்குப் பாட்டுக் கட்டிவிட்டார்கள். போன மாதம்தான் அவனுக்கு மகள் பிறந்தாள். டிரெஸ்ஸிங் ரூமில் எல்லாருக்கும் போனில் படம் காட்டுகிறான்.

தலையால் அடிக்கும் பயிற்சிக்கு இப்போது வாரத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அளவு முடிந்து, எங்கள் காயங்களைப் பார்க்கிற பிசியோ ஷோனாவும் வீட்டுக்குப் போன பிறகு பாரி என்னிடம் வந்தார். "நிம், அவனுக்கு இன்னும் கொஞ்சம் எறிந்து கொடேன். பின்கம்பத்துப் பந்தில் இன்னும் தடுமாறுகிறான்."

எறிந்தேன். அவன் அடித்தான். கூடையில் இருந்த பந்துகள் முடிந்ததும் இருவருமாகப் பொறுக்கி வந்து மறுபடி தொடங்கினோம்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றும் எறிந்தேன். நடுவில் கீரன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். குழந்தை அழுகிறாள், நித்திரை இல்லை என்றான். நிற்பாட்டுவோமா என்றேன். இன்னும் ஒரு கூடை என்றான்.

டேரனிடம் போகவில்லை. நேரமாகிவிட்டது என்று டானியாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தோள் பிடித்துக்கொண்டது என்று பாரியிடம் சொன்னேன். எறிய முடியாது. தோளுக்கு ஒன்றுமில்லை. பாரி தானே எறிந்தார்.

ஏப்ரல் 26, சனி

தோல்வி. கடைசி ஆட்டம் அடுத்த சனி, சொந்த மைதானத்தில். சமநிலை போதும், தப்பிவிடலாம். ஊர் முழுக்கக் கடை ஜன்னல்களில் கொடி. மீன் கடையில் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். நான் ஆடவில்லையே என்றேன். பரவாயில்லை என்றார்கள்.

மே 3, சனி

நான் பெஞ்சில் இருந்தேன். இடைவேளைக்குச் சற்றுமுன் ஒன்றுக்கு ஒன்று ஆனது.

இரண்டாவது பாதியின் நடுவில் ஒரு கார்னருக்குக் கீரனும் எதிரணியின் ஒன்பதாம் நம்பரும் ஒன்றாக எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் பெஞ்சுக்குக் கேட்டது. கீரன் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. ஷோனா ஓடிப்போய் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எந்த மைதானம், யாரோடு ஆட்டம், எத்தனைக்கு எத்தனை. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சனங்கள் அவன் பாட்டைப் பாடினார்கள்.

பிறகு எங்கள் பக்கத்தில் பந்து வெளியே போனபோது தண்ணீர் குடிக்க வந்தான். போத்தலைக் கொடுத்தேன்.

"நிம், நாம் எந்தப் பக்கம் கோல் அடிக்கிறோம்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். டேரன் வீட்டில் பார்க்கிற முகம்.

கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் ஓடினான்.

நான் பெஞ்சிலேயே இருந்தேன். மேல்சட்டையின் ஜிப்பை மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன். பிறகு எழும்பிப்போய் ஷோனாவிடம் சொன்னேன்.

பாரிக்கும் கேட்டுவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம்தானே," என்றார். "அவன் நன்றாகத்தானே ஓடுகிறான்."

"அவனை வெளியே எடுக்கவேண்டும்," என்றாள் ஷோனா. பாரியைப் பார்க்காமல் நேரே கோட்டோரத்தில் நின்ற ஆட்ட அதிகாரியிடம் போனாள்.

கீரன் வெளியே வரும்போது என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். "உன் இடம் திரும்ப வேண்டும், அதுதானே?" என்றான். ஷோனா அவனைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். பெஞ்சில் வேறு சென்டர் பேக் இல்லை. பாரி என்னைப் பார்த்து, "போ," என்றார்.

காலுக்கு வந்ததையெல்லாம் அடித்தேன். நெஞ்சால் ஒன்றை நிறுத்தினேன். மேலதிக நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது வலது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ் வந்தது. உயரமான, மெதுவான பந்து. வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் அடித்திருப்பேன். நான் எழும்பத் தேவையே இருக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றால் போதும். அது சுழல்வதுகூடத் தெரிந்தது.

பந்து எனக்கு மேலால் போனது. பின்னால் நின்றவன் அதை வலைக்குள் தட்டினான்.

அவ்வளவு சனத்திலும் சத்தமே இல்லை. ஒரு மூலையில் அவர்களுடைய ஆட்கள் மட்டும் கத்தினார்கள்.

டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் என்னை ஏசவில்லை. "காற்று," என்றார் பாரி. "கடைசி நேரத்தில் பந்தைத் தூக்கிவிட்டது." இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். வெளியே வந்தபோது ஸ்டாண்டின் கூரையில் கொடிகள் அசையாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

காரின் முன்கண்ணாடியில் யாரோ சிப்ஸும் கிரேவியும் கொட்டியிருந்தார்கள். வைப்பரைப் போட்டேன். பரவியது. இறங்கித் துடைத்தேன்.

மே 4, ஞாயிறு

காலையில் கீரனின் போன். ஆஸ்பத்திரியில் இரவு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்தானாம். ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை, இன்று விட்டுவிடுவார்கள் என்றான். குரல் தடித்திருந்தது.

"நிம், மெக் எனக்கு ஒன்றும் சொல்கிறாளில்லை. செய்தி பார்க்கவும் விடுகிறாளில்லை. நாம் தப்பினோமா?"

மெக் அவன் பிள்ளையின் தாய்.

"இல்லை," என்றேன்.

"எத்தனை?"

"இரண்டுக்கு ஒன்று."

"எனக்கு இடைவேளைக்குப் பிறகு ஒன்றுமே ஞாபகமில்லை. கடைசிக் கோலை விட்டது யார்? நானா?"

"இல்லை. நான்."

"நீ ஏன் உள்ளே வந்தாய்?"

"உன்னை எடுத்தார்கள். அடிபட்டு நீ தடுமாறியது ஷோனாவுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்."

அந்தப் பக்கத்தில் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. நெஞ்சில் தள்ளியதும் அவனுக்கு ஞாபகமில்லை போலும். நானும் சொல்லவில்லை.

"கோல் எப்படி?" என்றான். "வழுக்கியதா?"

"இல்லை. தலைக்கு வந்தது. குனிந்துவிட்டேன்."

"குனிந்தாயா?"

"ஓம். ஜனவரி முடிவிலிருந்து அப்படித்தான். தலைக்கு வந்தால் குனிகிறேன். வெயில் என்றேன், வழுக்கியது என்றேன். அதெல்லாம் இல்லை."

வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"எனக்குத் தலை இடித்துக்கொண்டே இருந்தது," என்றான். "மூன்று வாரமாக. யாரிடமும் சொல்லவில்லை." பிறகு, "மெக் போனைக் கேட்கிறாள்," என்று வைத்துவிட்டான்.

மதுரா சமையலறையில் முதுகைக் காட்டியபடி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

"எனக்குத் தெரியும்," என்றாள், திரும்பாமலே. "வெயில் கண்ணிலை அடிச்சதெண்டு பேப்பரிலை போட்டிருந்தாங்கள். அண்டைக்கு நானும் பிள்ளையும் குடைக்குள்ளை இருந்து நனைஞ்சுகொண்டெல்லே பாத்தனாங்கள்."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் விடச் சொல்லோணும். பதினாறு வயசிலையிருந்து உங்களுக்கு வேறையொண்டும் தெரியாது. விடச்சொன்ன பிறகு இந்த வீட்டுக்குள்ளை என்னண்டு இருப்பியள் எண்டு யோசிச்சன்." குழாயை மூடினாள். "குளியலறையிலை பெயர் சொல்லிக்கொண்டு நிக்கிறதும் கேக்குது. சுவர் மெல்லிசப்பா."

துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவள் கழுவிக் கழுவித் தந்தாள். நான் துடைத்து வைத்தேன்.

மே 6, செவ்வாய்

பாரியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். காற்று இல்லை, குனிந்தேன் என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அவரும் பழைய டிஃபெண்டர். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்தது.

"காற்றில்லை என்று எனக்கும் தெரியும்," என்றார். "என் பெண்சாதி இப்போது என்னைத் தனியாகக் கார் ஓட்ட விடுகிறாளில்லை, நிம். அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"கீரனுக்கு நான்தானே எறிந்தேன்," என்றார். கை கொடுத்தார். நான் வெளியே வந்தேன்.

மே 8, வியாழன்

அடுத்த சீசனுக்கு வைத்திருக்கும் ஆட்களின் பெயர்களை வெளியிட்டார்கள். என் பெயர் இல்லை.

டேரனுடன் கடற்கரைக்குப் போனேன். நான் யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம்.

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மதுரா லீவு போட்டுவிட்டு வந்தாள். முதலில் ஒரு மணிநேரம் கேள்விகள் கேட்பார்கள், படம் வரையச் சொல்வார்கள், பிறகு தலையை ஸ்கேன் எடுப்பார்கள். முடிவு சொல்லச் சில வாரம் ஆகும்.

காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி இருந்தது. எதிரே இருந்த கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கிளப்பின் கம்பளித்தொப்பி போட்டிருந்தார். "அது காற்றப்பா," என்றார். "நான் அந்தப் பக்கம்தான் நின்றேன்." அவருக்கு நன்றி சொன்னேன்.

மதுரா ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கண் அதில் இல்லை.

"பயமாக் கிடக்கோ?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்போதும் முதலில் அதுதான் வரும்.

"ஓம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. தொடைக்கடியில் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மதுரா சஞ்சிகையை மூடி வைத்துவிட்டு அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிழவர் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாதி வந்து என் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டாள். எழும்பினேன்.

"நில்லுங்கோ," என்றாள் மதுரா. "நானும் வாறன்."

அவள் கையை விடவில்லை. நடுக்கமும் நிற்கவில்லை. அப்படியே உள்ளே போனோம்.